முதல் செயற்கைக்கோளும் இரண்டு வல்லரசுகளின் பயமும்

போன மாதம் ஒரு சாயங்காலம் நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலாகக் கடந்து போகப்போகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்திருந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு வெளிச்சப் புள்ளி மேற்கே கிளம்பி, சத்தமில்லாமல் வானத்தைக் கடந்து, கிழக்கே மங்கி மறைந்தது. மொத்தம் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

கீழே இறங்கும்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தை கேட்டாள்: "தாத்தா, இந்த மாதிரி முதல்ல மேல அனுப்பினது யாரு? எதுக்காக அனுப்பினாங்க?"

"யாரு" என்பதற்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். சோவியத் யூனியன், 1957, ஸ்புட்னிக். "எதுக்காக" என்பதற்கு, லிஃப்ட் தரைத்தளம் வந்து சேர்வதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அவளுக்குப் பாக்கி வைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

ஸ்புட்னிக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அதை அனுப்பிய நாட்டின் தலைவருக்கும் சரி, எதிரணியின் தலைவருக்கும் சரி, அது உலகத்தை இப்படிக் கலக்கிவிடும் என்ற எண்ணமே முதலில் இல்லை. அந்தப் போட்டியைப் பெரிதாக்கியது, கீழே நின்று அண்ணாந்து பார்த்த சாதாரண மக்களின் பயமும் பெருமையும்தான்.

விஞ்ஞானிகள் குறித்த நாள்

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உள்ள 18 மாதங்களை 'சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு' என்று உலக விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் காலம் அது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பூமியின் காந்தப்புலம், காற்று மண்டலம், கடல், பனிப்பாறை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளப்பது என்பது திட்டம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்தில், இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்த அபூர்வமான சில இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த ஆண்டுக்காகச் சிறிய செயற்கைக்கோள்களை அனுப்பப் போவதாக 1955 ஜூலை 29 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகை அறிவித்தது. நான்கே நாளில், கோபன்ஹேகனில் நடந்த விண்வெளி மாநாட்டுக்கு வந்திருந்த சோவியத் விஞ்ஞானி லியோனித் செடோவ், தங்கள் நாடும் அனுப்பும் என்றார். இரண்டு அறிவிப்பும் வெளிப்படையானவை. ஆனால் சோவியத் பேச்சை அமெரிக்காவில் பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. டிராக்டர் ஓட்டவே திண்டாடும் நாடு என்பதுதான் அங்கே சாதாரண மக்களுக்கு இருந்த எண்ணம்.

குண்டுக்காகச் செய்த ராக்கெட்

ஒரு பொருள் கீழே விழாமல் பூமியைச் சுற்றிவர வேண்டுமானால், அதை விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிவிட வேண்டும். அவ்வளவு வேகத்தைக் கொடுக்கக்கூடிய ராக்கெட், ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அணுகுண்டையும் கொண்டுபோய்ப் போட முடியும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பின்னால் வரும் கதை முழுவதும் புரிந்துவிடும்.

சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலெவ். ஸ்டாலின் காலத்தில் 1938இல் பொய்க் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, சைபீரியாவின் கோலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பற்களை இழந்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியம். சிறுவயதிலிருந்து அவருடைய கனவு விண்வெளிப் பயணம். ஆனால் அவருக்கு அரசு கொடுத்த வேலை, அமெரிக்காவை எட்டும் ஏவுகணை. அப்போதைய சோவியத் ஹைட்ரஜன் குண்டு சில டன் எடை கொண்டது. ஆகவே அதைச் சுமக்க மிகப்பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஆர்-7. அமெரிக்கர்கள் குண்டை இலகுவாகச் செய்யக் கற்றுக்கொண்டதால், அவர்களுக்கு அவ்வளவு பெரிய ராக்கெட் தேவைப்படவில்லை. குண்டு செய்வதில் பின்தங்கியிருந்ததே விண்வெளிக்குப் போவதில் சோவியத்துக்கு வசதியாகிவிட்டது!

ஆர்-7 முதல் சில முயற்சிகளில் தோற்று, 1957 ஆகஸ்ட் 21 அன்று வெற்றி பெற்றது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை தங்களிடம் இருப்பதாக சோவியத் செய்தி நிறுவனம் அறிவித்தபோது உலகம் அதிகம் கவனிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராக்கெட் வல்லுநர் என்றால் வெர்னர் வான் பிரவுன். ஹிட்லருக்காக வி-2 ஏவுகணையைச் செய்தவர். அதன் தயாரிப்பில் ஆயிரக்கணக்கான அடிமைத் தொழிலாளிகள் செத்துப்போனார்கள். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் அவரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1956 செப்டம்பர் 20 அன்று அவருடைய ராக்கெட் ஒன்று சுமார் 1,100 கிலோமீட்டர் உயரம் போனது. அதன் உச்சி அடுக்கில் எரிபொருளுக்குப் பதில் மணல் நிரப்பியிருந்தார்கள். எரிபொருள் நிரப்பியிருந்தால் உலகின் முதல் செயற்கைக்கோள் அமெரிக்காவுடையதாக இருந்திருக்கக்கூடும். ஸ்புட்னிக்குக்கு ஒரு வருடம் முன்பே!

ஏன் நிரப்பவில்லை? செயற்கைக்கோள் வேலையை அரசு கடற்படையின் 'வான்கார்ட்' திட்டத்துக்குக் கொடுத்திருந்தது. ராணுவ ஏவுகணையில் ஏற்றி அனுப்பினால் உலகம் தப்பாக நினைக்கும், அறிவியல் ஆய்வுக்காகச் செய்த ராக்கெட்டில் போனால் அமைதியான முயற்சியாகத் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதற்கு இன்னொரு உள்நோக்கமும் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அக்டோபர் 4, 1957

கொரோலெவ் முதலில் அனுப்ப நினைத்தது ஒரு டன்னுக்கும் மேலான எடையுள்ள ஆய்வுக் கருவிகள். அவை குறித்த காலத்தில் தயாராகவில்லை. அமெரிக்கர்கள் முந்திக்கொள்வார்களோ என்ற கவலை அவருக்கு. அவருடைய சகா மிகயீல் திகோன்ராவோவ் ஒரு யோசனை சொன்னார்: ஆய்வுக் கருவியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு எளிமையாக ஒன்றை அனுப்புவோம்.

அப்படி உருவானது 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, பளபளப்பான அலுமினியக் கோளம். எடை 83.6 கிலோ. நம் கூடைப்பந்தைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான அகலம். வெளியே நான்கு நீளமான ஆன்டெனாக்கள். உள்ளே பேட்டரி, ஒரு ரேடியோ கருவி, வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு விசிறி. அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். ரேடியோ ஒலிபரப்புக்கு 20 மற்றும் 40 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ள அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருக்கும் யாரும் அதைக் கேட்கலாம். அலைவரிசை விவரத்தை ஒரு சோவியத் ரேடியோ இதழ் சில மாதங்கள் முன்னதாகவே அச்சிட்டிருந்தது.

மாஸ்கோ நேரப்படி இரவு 10.28க்கு, இன்று பைக்கனூர் என்று அழைக்கப்படும் கசகஸ்தான் ஏவுதளத்திலிருந்து ஆர்-7 கிளம்பியது. கோளம் ஒரு முழுச் சுற்று முடித்து மறுபடியும் தலைக்கு மேல் வந்து 'பீப்... பீப்...' என்று ஒலித்த பிறகுதான் கொரோலெவ் குழுவினர் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார்கள். 96 நிமிடத்துக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றிவந்தது.

அதே நேரத்தில் வாஷிங்டனில், சோவியத் தூதரகத்தில் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தது. புவி இயற்பியல் ஆண்டுக்காக வந்திருந்த பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே இருந்தார்கள். ஒரு பத்திரிகையாளருக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அமெரிக்க விஞ்ஞானி லாய்ட் பெர்க்னர் எல்லோரையும் அமைதிப்படுத்தி, செய்தியைச் சொல்லி, சோவியத் சகாக்களுக்கு வாழ்த்துக் கூறினார். கைதட்டல் எழுந்தது. அந்த அறையில் பயம் என்று எதுவும் இல்லை.

இரண்டு தலைவர்கள், ஒரே அலட்சியம்

அன்றிரவு சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவ் கீவ் நகரில் இருந்தார். செய்தி வந்தது, சந்தோஷப்பட்டார், தூங்கப் போய்விட்டார். மறுநாள் கட்சி நாளிதழான 'பிராவ்தா' முதல் பக்கத்தில் அதை ஒரு சாதாரணச் செய்தியாகத்தான் போட்டது. உலகம் முழுவதும் பத்திரிகைகள் கூச்சல் போடுவதைப் பார்த்த பிறகு, அதற்கு அடுத்த நாள் அதே பிராவ்தா பக்கம் முழுக்கத் தலைப்பும் வாழ்த்துமாக நிரப்பியது. தங்கள் சாதனையின் அளவை சோவியத் அரசே வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரும் பதறவில்லை. ஐந்து நாள் கழித்து நிருபர்களைச் சந்தித்தபோது, நாட்டின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இது தன் கவலையை இம்மியும் கூட்டவில்லை என்றார். மக்கள் அதை நம்பவில்லை. கிழவருக்கு நிலைமை புரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

உண்மையில் அவருக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. 1956 முதல் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானங்கள் மிக உயரத்தில் பறந்து சோவியத் நிலத்தைப் படம் பிடித்து வந்தன. ஸ்புட்னிக் கிளம்பிய அதே ஏவுதளத்தை, அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1957 ஆகஸ்டில் படம் பிடித்திருந்தன. ஆனால் அது ரகசியம். அடுத்தவர் நாட்டு வான்வெளியில் அனுமதியில்லாமல் பறப்பது சட்டவிரோதம். "எங்களிடம் படம் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று மக்களிடம் அவரால் சொல்ல முடியாது.

முன்பு சொன்ன உள்நோக்கமும் இதுதான். விமானத்துக்குப் பதில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்ப அமெரிக்கா ஏற்கெனவே திட்டமிட்டிருந்தது. ஆனால் ஒரு நாட்டின் தலைக்கு மேல் செயற்கைக்கோள் போகலாமா, அதற்கு அனுமதி வேண்டுமா என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் அறிவியல் கருவி ஒன்று எல்லா நாட்டுக்கும் மேலாகப் போய் வந்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால், அதுவே வழக்கமாகிவிடும். இப்போது சோவியத் யூனியனே யாரையும் கேட்காமல் உலகத்தின் தலைக்கு மேல் தன் கோளத்தை ஓட்டிவிட்டது. பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர் டொனால்ட் குவார்ல்ஸ் அக்டோபர் 8ஆம் தேதி அதிபரிடம் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நினைத்துச் செய்யாவிட்டாலும் ரஷ்யர்கள் நமக்கு ஒரு நல்லது செய்திருக்கிறார்கள்.

ஆக, இரு தலைவர்களும் நிதானமாகத்தான் இருந்தார்கள். பிறகு போட்டி எங்கிருந்து வந்தது?

மொட்டை மாடியிலிருந்து வந்த பயம்

ஆகஸ்டில் ஏவுகணை அறிவிப்பு வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னேன் அல்லவா? அது வெறும் செய்தி. இப்போது அதே ராக்கெட்டின் விளைவைக் காதால் கேட்க முடிந்தது. ரேடியோ, தொலைக்காட்சி நிலையங்கள் அந்த 'பீப்' ஒலியைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. விடியலிலும் அந்தியிலும் ஒரு புள்ளி நகர்வதைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது. பெரும்பாலானோர் பார்த்தது ஸ்புட்னிக்கை அல்ல. அதோடு கூடவே சுற்றிவந்த ராக்கெட்டின் பெரிய உடல் பகுதியைத்தான். சிறிய கோளம் வெறும் கண்ணுக்குத் தெரிவது மிகக் கடினம்.

அமெரிக்காவின் இரு புறமும் பெருங்கடல். இரண்டு உலகப் போரிலும் அந்நாட்டின் முக்கிய நகரங்கள் மீது ஒரு குண்டும் விழவில்லை. சோவியத்திடம் 1949 முதல் அணுகுண்டு இருந்தாலும், அதை விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும், வழியிலேயே தடுத்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது. இப்போது அரை மணி நேரத்தில் வந்து விழும், தடுக்கவே முடியாது என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. தலைக்கு மேல் போவது பேட்டரியும் விசிறியும் உள்ள ஒரு பந்துதான். ஆனால் மக்கள் கேட்டது அந்தப் பந்தின் ஒலியை மட்டுமல்ல. அதைத் தூக்கிக்கொண்டு போன ராக்கெட்டின் ஒலியையும்தான்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல காட்சியும் உண்டு. 'மூன்வாட்ச்' என்ற பெயரில் ஸ்மித்சோனியன் வானியல் கூடம் அமைத்திருந்த தன்னார்வலர் குழுக்களில் பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கூரைகளிலும் திறந்தவெளிகளிலும் சிறிய தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து, புள்ளி கடக்கும் நேரத்தைக் குறித்து அனுப்பினார்கள். அதே கூடம் பல நாடுகளில் நிறுவிய 12 பெரிய கேமராக்களில் ஒன்று நம் நாட்டில் நைனிடாலுக்கு வந்தது. பயந்தவர்களும் பார்த்தார்கள், ஆசைப்பட்டவர்களும் பார்த்தார்கள்.

ஒரு நாய், ஒரு தீப்பிழம்பு

உலகத்தின் வியப்பைப் பார்த்த குருஷ்சேவுக்கு ருசி கண்டுவிட்டது. நவம்பர் 7 அன்று ரஷ்யப் புரட்சியின் 40ஆம் ஆண்டு விழா. அதற்குள் இன்னொன்று வேண்டும் என்றார். ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசம். கொரோலெவ் குழு நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக்-2ஐ அனுப்பியது. எடை 508 கிலோ. உள்ளே மாஸ்கோ தெருக்களில் பிடித்து வந்த லைக்கா என்ற பெண் நாய்.

அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதற்கான தொழில்நுட்பம் அப்போது இல்லை. பல நாள் உயிரோடு இருந்ததாக சோவியத் தரப்பு சொல்லி வந்தது. சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது இறந்துபோனதை, 2002இல்தான் ஒரு ரஷ்ய விஞ்ஞானி வெளிப்படையாகச் சொன்னார். விழாத் தேதிக்காக அவசரமாகச் செய்த கலத்தில் போன உயிர் அது. போட்டி என்று வந்துவிட்டால் முதலில் பறிபோவது நிதானம் என்பதற்கு லைக்காவைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அமெரிக்காவில் இப்போது நெருக்கடி. வான்கார்ட் ராக்கெட்டின் ஒரு சோதனைப் பயணத்தையே நாட்டின் பதிலடியாக எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 6ஆம் தேதி, ஃபுளோரிடாவின் கேப் கேனவரலில், பத்திரிகைகளும் கேமராக்களும் சூழ்ந்திருக்க, ராக்கெட் சுமார் 4 அடி உயரம் எழும்பியது. இரண்டு விநாடியில் அப்படியே கீழே இறங்கி வெடித்துத் தீப்பிழம்பானது. உச்சியிலிருந்து தெறித்து விழுந்த ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள், தரையில் கிடந்தபடியே ரேடியோ ஒலி அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஃப்ளாப்னிக்', 'கபுட்னிக்' என்றெல்லாம் பத்திரிகைகள் பெயர் வைத்துக் கேலி செய்தன. சோவியத் சோதனைகளும் தோற்றதுண்டு. ஆனால் அவை திரை மறைவில் நடந்தன. அமெரிக்கத் தோல்வியை உலகமே பார்த்தது.

அதன் பிறகுதான் வான் பிரவுனின் குழுவுக்கு முழு வாய்ப்புக் கிடைத்தது. 1958 ஜனவரி 31 இரவு எக்ஸ்ப்ளோரர்-1 சுற்றுப்பாதையை அடைந்தது. எடை 14 கிலோ. ஸ்புட்னிக்-2ஓடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் அதில் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற பேராசிரியரின் கதிர்வீச்சு அளக்கும் கருவி இருந்தது. மிக உயரத்தில் போனபோது அந்தக் கருவி பூஜ்யம் காட்டியது. கதிர்வீச்சே இல்லையா என்று குழம்பினார்கள். மார்ச் மாதம் போன எக்ஸ்ப்ளோரர்-3 தந்த தகவலையும் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: கதிர்வீச்சு அளவுக்கு மீறி இருந்ததால் கருவி திணறிப்போயிருந்தது! பூமியைச் சுற்றி வளையம்போல் மின்னூட்டத் துகள்கள் சிறைப்பட்டிருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்கு 'வான் ஆலன் பட்டை' என்று பெயர்.

மே 15ஆம் தேதி சோவியத் அனுப்பிய ஸ்புட்னிக்-3இன் எடை 1,327 கிலோ. உள்ளே ஏகப்பட்ட கருவிகள். ஆனால் பதிவு செய்யும் டேப் ரெக்கார்டர் பழுதாகிவிட்டதால், அந்தப் பட்டையை முழுமையாக வரையும் வாய்ப்பு கை நழுவியது. எடையில் வென்றவர் ஒருவர், கண்டுபிடிப்பில் வென்றவர் இன்னொருவர்.

பயம் கட்டிய பள்ளிக்கூடங்கள்

பக்கத்து பிளாக்கில் புது லிஃப்ட் வந்துவிட்டால் நம் பிளாக் பொதுக்குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான், நாடளவில். "நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று ஒரு கூச்சல். செனட்டர் லிண்டன் ஜான்சன் விசாரணைக் கூட்டங்கள் நடத்தினார்.

விளைவுகள் வேகமாக வந்தன. 1958 பிப்ரவரியில் உயர் ஆராய்ச்சித் திட்டங்களுக்காக 'அர்பா' என்ற அமைப்பு உருவானது. இன்றைய இன்டர்நெட்டின் முன்னோடி பத்தாண்டு கழித்து அங்கிருந்துதான் வந்தது. செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. அக்டோபர் 1ஆம் தேதி, ஸ்புட்னிக்குக்கு ஒரு வருடம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, நாசா வேலையைத் தொடங்கியது. அதை ராணுவத்திடம் விடாமல் பொது நிர்வாகத்தில் வைத்தவர் ஐசன்ஹோவர்.

நமக்கு நேரடியாகப் பயன் தந்த இன்னொன்றும் உண்டு. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கூர்மையாகவும், விலகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? ஸ்புட்னிக்கின் ஒலியிலும் அப்படி ஒரு மாற்றம் இருப்பதை வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் அமெரிக்க விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அதை வைத்து அதன் பாதையையே கணக்கிட்டார்கள். தரையில் நாம் இருக்கும் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடிக்கலாம் என்றால், செயற்கைக்கோளின் பாதை தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று அவர்களுடைய மேலதிகாரி திருப்பிப் போட்டார். அதிலிருந்து அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான 'டிரான்சிட்' வந்தது. அந்த வழியில் பிறகு ஜி.பி.எஸ். வந்தது. இன்று டெலிவரி தம்பி யாரையும் கேட்காமல் நம் கேட் வரை வந்துவிடுகிறார் என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது.

பயம் கட்டிய ஏவுகணைகள்

பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. சோவியத் ஏவுகணைகள் எண்ணிக்கையில் அமெரிக்காவை மிஞ்சிவிட்டன என்ற பேச்சு வலுத்தது. அதற்கு 'ஏவுகணை இடைவெளி' என்று பெயர். தொழிற்சாலையில் சாசேஜ் செய்வதுபோல் ஏவுகணை செய்கிறோம் என்று குருஷ்சேவ் பெருமையடித்து அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார். 1960 அதிபர் தேர்தலில் ஜான் கென்னடி இதை ஒரு முக்கியப் பிரச்சினையாக எழுப்பினார்.

உண்மை நிலவரம் வேறு. விண்வெளிக்கு அருமையான வாகனமான ஆர்-7, போருக்குச் சரிப்படாத ஆயுதம். ஒவ்வொரு தடவையும் மிகக் குளிர்ந்த திரவ ஆக்ஸிஜனை நிரப்பித் தயார் செய்யப் பல மணி நேரம் ஆகும். ஏவுதளமோ பிரம்மாண்டமானது, மறைக்க முடியாதது. ஆகவே மிகச் சிலவற்றைத்தான் நிறுவினார்கள்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரு செயற்கைக்கோள்தான். 1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'கொரோனா' உளவுத் திட்டத்தின் கலம் ஒன்று, படச்சுருளைப் பாராசூட்டில் இறக்கியது. நடுவானிலேயே விமானம் ஒன்று அதைக் கொக்கி போட்டுப் பிடித்தது. அதற்கு முன் யூ-2 விமானங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு அந்த ஒரே பயணத்தில் பதிவாகியிருந்தது. 1961 இறுதிக்குள் அமெரிக்க அரசுக்குத் தெளிவாகிவிட்டது: இடைவெளி இருக்கிறது, ஆனால் முன்னால் இருப்பது அமெரிக்கா.

ஆனால் அதற்குள் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. இல்லாத இடைவெளியை நிரப்பத் தொடங்கிய அமெரிக்கா, 1960களில் 'மினிட்மேன்' என்ற ஏவுகணைகளை மட்டும் 1,000 நிறுத்தியது. வாய்ச்சவடால் அம்பலமான குருஷ்சேவ், தன் பக்கக் குறையை ஈடுகட்ட 1962இல் கியூபாவில் ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைத்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. பயத்தில் தொடங்கிய ஒன்று, பயம் பொய் என்று தெரிந்த பிறகும் நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின், 1969 ஜூலை 20இல் நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங். இடையில் 1966 ஜனவரியில் கொரோலெவ் இறந்தபோதுதான் அவர் பெயரையும் படத்தையும் சோவியத் மக்களே முதல் முறையாகப் பத்திரிகையில் பார்த்தார்கள். உலகைக் கலக்கிய மனிதர், தன் பெயரில் ஒரு கைதட்டல்கூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்தார்.

"எதுக்காக?"

இப்போது அந்தக் குழந்தையின் கேள்விக்கு வருகிறேன். எதற்காக அனுப்பினார்கள் அம்மா?

விஞ்ஞானிகள் பூமியைத் தெரிந்துகொள்ள அனுப்பினார்கள். கொரோலெவ் தன் கனவுக்காக அனுப்பினார். அரசுகள், குண்டு போடும் ராக்கெட் கையில் இருந்ததால் அனுமதி கொடுத்தன. மூன்றும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு போனவற்றில் பலவும் "அவன் அனுப்பிவிட்டான்" என்பதற்காகப் போனவை. அதில் நல்லதும் விளைந்தது, கெட்டதும் விளைந்தது. எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாதபோது ஏவுகணைகள் பெருகின. 1967இல் விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, அங்கே அணு ஆயுதங்களைச் சுற்றவிடக் கூடாது என்று இரு வல்லரசுகளும் ஒப்பந்தம் செய்தன. 1970களில் ஏவுகணை எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க முடிந்ததற்கும், மேலிருந்து எண்ணிப் பார்க்க முடிந்ததே காரணம்.

ஸ்புட்னிக்-1 மூன்று வாரம் ஒலித்து, பேட்டரி தீர்ந்து, 1958 ஜனவரி 4 அன்று காற்று மண்டலத்தில் எரிந்துபோனது. ஆனால் 1958 மார்ச் 17 அன்று, பல தோல்விகளுக்குப் பிறகு, வான்கார்ட் ராக்கெட் ஒருவழியாகத் தன் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. பம்பளிமாஸ் பழம் அளவு இருக்கிறது என்று குருஷ்சேவ் கேலி செய்தது இதைத்தான். சூரிய ஒளியில் இயங்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். 1964இல் அதன் ரேடியோ அடங்கிவிட்டது. ஆனால் அது விழவில்லை. இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதன் அனுப்பி இன்னமும் மேலே இருக்கும் பொருள்களில் மூத்தது அது.

அடுத்த முறை மாடியில் கூடும்போது அது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சிறியது. ஆனாலும் அந்தக் குழந்தைக்கு அதைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.